தொலைவிலிருந்து மாறும் கடவுச்சொல்

கடவுச்சொல் மறந்துபோனவர் கணினி நிர்வாகியிடம் போய் நின்றால், பழைய சொல் இதுதான் என்று அவர் எடுத்துச் சொல்வதில்லை. புதிதாக ஒன்றை வைத்துக் கொடுத்து அனுப்புகிறார். வங்கியின் இணையதளமும் பழையதைக் காட்டாது. புதியது வைக்கத்தான் வழிவிடும். கணினி முழுவதையும் கையில் வைத்திருக்கும் நிர்வாகிக்கே அந்தச் சொல் தெரியாதா, அல்லது தெரிந்தும் சொல்ல மறுக்கிறாரா? இதையொட்டி இன்னொரு சந்தேகமும் எழுகிறது. மாற்ற வேண்டிய கணினி வேறு ஊரில் இருந்தால், புதிய சொல் எத்தனையோ கம்பிகளையும் கருவிகளையும் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். இடையில் யாராவது படித்துவிட்டால்?

ஒரே ஒரு கடவுச்சொல் மாற்றத்தை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

கடலூரில் விசைப்பலகை, சிதம்பரத்தில் கணினி

கடல் உயிரியல் படிக்கும் ஓர் ஆய்வு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அவர் அளந்த நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஓத ஏற்ற இறக்கம் ஆகிய கணக்கெல்லாம் சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் லினக்ஸ் கணினியில் இருக்கின்றன. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அவருடைய இப்போதைய கடவுச்சொல், ஊர்ப்பெயரும் ஆண்டும் சேர்ந்த ‘பிச்சாவரம்2019’. அதை மாற்ற அவர் பேருந்து ஏற வேண்டியதில்லை. வீட்டு மடிக்கணினியிலிருந்தே சிதம்பரத்துக் கணினிக்குள் நுழையலாம்.

அப்படி நுழைந்தபின் விசைப்பலகையும் திரையும்தான் கடலூரில் இருக்கின்றன. கட்டளை ஓடுவதும் கோப்பு திருத்தப்படுவதும் சிதம்பரத்தில். அழுத்தும் எழுத்துகள் சிறு சிறு பொதிகளாகப் பயணம் போகின்றன. பக்கத்து ஊர்தானே என்று அவை நேரே தெற்கே போய்விடுவதில்லை. இரு முனைகளும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பில் இருந்தால், பொதிகள் வடக்கே சென்னை வரை போய், அங்கே ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறித் திரும்பி வரலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் இந்தச் சுற்று யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் பொதியை வாங்கித்தான் அடுத்ததற்குக் கொடுக்கிறது. வாங்கிக் கொடுக்கும் இடத்தில் படிக்கவும் முடியும்.

எல்லாம் வெளிப்படையாகப் போன காலம்

முன்பு இப்படிப் படித்தும் இருக்கிறார்கள். தொலைக் கணினியில் நுழைவதற்காக 1969-இல் உருவான டெல்நெட் என்ற முறை, அழுத்திய எழுத்தை அழுத்தியபடியே அனுப்பியது. கணினிகள் சில நூறாக இருந்து, அவற்றைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த நாளில் அது போதுமானதாக இருந்தது. பிறகு ஒரே கம்பியில் பல கணினிகளைக் கோத்த உள்வலைகள் வந்தன. அந்தக் கம்பியில் ஒரு கணினிக்கு வரும் பொதி மற்ற கணினிகளின் வாசலையும் தொட்டுத்தான் போகும். தனக்கு வராததையும் எடுத்துவைத்துக்கொள்ளும் ஒரு சிறு நிரலை ஏதாவது ஒரு கணினியில் ஒளித்து வைத்துவிட்டால், நுழைவோர் அனைவரின் பெயரும் கடவுச்சொல்லும் தானாகச் சேரும்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் 1995-இல் இப்படி ஒரு திருட்டு நடந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யிலோனென் டெல்நெட்டுக்கு மாற்றாக ஒரு நிரலை எழுதி அந்த ஆண்டே வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். எனப்படும் அது இன்று உலகெங்கும் தொலைக் கணினிகளில் நுழைவதற்கான வழக்கமான வாசல். மாணவியின் மடிக்கணினியும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஒட்டுக்கேட்பவர் முன்னிலையில் ஒரு ரகசியம்

எஸ்.எஸ்.எச். கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுகிறது. இரு கணினிகளும் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. அதன்பின் போகும் ஒவ்வொரு பொதியும் அந்த எண்ணைக் கொண்டு உருமாற்றப்பட்டே போகும். இதற்கு மறையாக்கம் என்று பெயர். அந்த ரகசிய எண்ணை அனுப்பிவைக்கவும் அதே கம்பியை விட்டால் வேறு வழியில்லை. கம்பியிலோ ஒட்டுக்கேட்பவர் இருக்கக்கூடும். எண்ணை அனுப்பாமலே இருவரிடமும் ஒரே எண் எப்படி வரும்?

அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட வழி, பள்ளிக்கூடப் பெருக்கலையும் வகுத்தலையும் மட்டுமே கேட்கிறது. சிறிய எண்களில் செய்து பார்க்கலாம்.

3, 17 ஆகிய இரு எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. கடலூர்க் கணினி தனக்குள் 6 என்ற எண்ணை நினைத்துக்கொள்கிறது. ஆறு 3-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15-ஐ மட்டும் அனுப்புகிறது. சிதம்பரத்துக் கணினி தனக்குள் 4-ஐ நினைக்கிறது. நான்கு 3-களின் பெருக்கல் 81, மீதி 13. அது 13-ஐ அனுப்புகிறது. இப்போது கடலூர், தனக்கு வந்த 13-ஐ ஆறு முறை எடுத்துப் பெருக்குகிறது: 48,26,809. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 16. சிதம்பரம், தனக்கு வந்த 15-ஐ நான்கு முறை எடுத்துப் பெருக்குகிறது: 50,625. இதற்கும் மீதி 16.

இரண்டு பக்கமும் 16 வந்துவிட்டது. 16 என்ற எண் கம்பியில் போகவே இல்லை. ஒட்டுக்கேட்டவரிடம் 3, 17, 15, 13 ஆகியவை மட்டுமே உள்ளன. இவ்வளவு சிறிய எண்களில் அவரும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 6-ஐயும் 4-ஐயும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் 17-இன் இடத்தில் 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் ஓர் எண்ணை வைத்தால், பெருக்கி மீதி காண்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிப் போய் மறைத்த எண்ணைப் பிடிப்பது இன்றுள்ள எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். இப்போதைய எஸ்.எஸ்.எச். நிரல்கள் இதே கருத்தின் நுட்பமான வடிவங்களைக் கையாள்கின்றன.

எதிர்முனையில் இருப்பது யார்

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இடையில் புகுந்த ஒருவர் தன்னையே சிதம்பரத்துக் கணினி என்று காட்டிக்கொண்டால், மாணவி அவரோடு ரகசியத்தை உருவாக்கிக்கொண்டு, கடவுச்சொல்லையும் அவரிடமே கொடுத்துவிடுவார். மறையாக்கம் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை.

அதனால்தான் முதல் முறை நுழையும்போது திரையில் ஒரு கேள்வி வருகிறது: இந்தக் கணினியின் கைரேகை இது, தொடரலாமா? எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரி கூடவே இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் அதைப் படிக்காமலே ‘ஆம்’ என்கிறார்கள். படிக்க வேண்டிய இடம் அதுதான். ஆய்வுக்கூடத்தில் நேரில் இருக்கும்போது அந்த வரியைக் குறித்துவைத்து, வீட்டில் தெரிவதோடு ஒப்பிடலாம். அல்லது நிர்வாகியிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்கலாம். ஒருமுறை ஏற்ற கைரேகையை மடிக்கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் அது மாறியிருந்தால் பெரிய எச்சரிக்கை வரும். சிதம்பரத்தில் கணினியைப் புதிதாக நிறுவியிருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். அப்போதும் விசாரித்த பிறகே தொடர வேண்டும்.

ஆக, வழியில் யாரும் படித்துவிட மாட்டார்களா என்ற கேள்விக்கு விடை இது: பொதியை எடுக்கலாம், படிக்க முடியாது, கைரேகையைச் சரிபார்த்திருந்தால்.

இதிலும் ஒரு மெல்லிய கசிவு இருந்தது. நுழையும்போது கொடுக்கும் கடவுச்சொல் முழுதாக ஒரே பொதியில் போகிறது. உள்ளே போய் மாற்றும்போதோ, புதிய சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் அழுத்திய கணத்தில் தனித்தனிப் பொதியாகப் போகும். எழுத்து எது என்று தெரியாவிட்டாலும், எத்தனை எழுத்து என்பதும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதும் வெளியே தெரியும். விரல் தாண்ட வேண்டிய தூரம் இடைவெளியில் பதிவாவதால், அதை வைத்து எழுத்துகளை ஊகிக்க முடியும் என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். எஸ்.எஸ்.எச். நிரல்களுள் ஒன்றான ஓபன்எஸ்.எஸ்.எச்.-இன் 2023 அக்டோபர் வெளியீடு, பொதிகளைச் சீரான இடைவெளியில் அனுப்பியும் இடையிடையே போலிப் பொதிகளைக் கலந்தும் இந்தத் தாளத்தை மறைக்கிறது.

சிதம்பரத்துக் கணினி எதை வைத்திருக்கிறது

தொடக்க காலத்துக் கணினிகள் கடவுச்சொற்களை ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைத்திருந்தன. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் கடவுச்சொல் முறையை முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961-இல் இயக்கிக் காட்டிய சி.டி.எஸ்.எஸ். அங்கே 1960களில் ஒருநாள், இரு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. கணினியில் நுழைபவருக்குத் தெரிய வேண்டிய அன்றைய அறிவிப்பின் இடத்தில், எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. எழுதி வைத்திருந்தால் என்றாவது வெளியே வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

எழுதி வைக்காமல் சரிபார்ப்பது எப்படி? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராஜர் நீதம் 1960களில் கண்ட வழி இன்றுவரை நிலைத்திருக்கிறது. அரிசியை அரைத்தால் மாவாகும், மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே பக்குவத்தில் அரைத்தால் அதே மாவு வரும். கடவுச்சொல்லையும் ஒரு கணக்கு முறையால் இப்படி உருத்தெரியாமல் ஆக்கலாம். பொறியாளர்கள் ஹாஷ் என்று சொல்லும் அந்த விளைவை இங்கே ‘அரைவு’ என்று அழைக்கலாம். கணினி அரைவை மட்டுமே வைத்திருக்கிறது. மாணவி சொல்லைக் கொடுத்ததும் அதை அரைத்துப் பார்க்கிறது. வைத்திருக்கும் அரைவோடு பொருந்தினால் கதவு திறக்கிறது. ‘பிச்சாவரம்2019’-க்கும் ‘பிச்சாவரம்2020’-க்கும் அரைவுகள் ஒன்றோடொன்று எந்த உறவும் தெரியாதபடி முற்றிலும் வேறாக இருக்கும்.

முதல் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பழைய கடவுச்சொல்லை நிர்வாகி மறைக்கவில்லை. அது அவரிடம் இல்லை, கணினியிடமும் இல்லை. மறந்த கடவுச்சொல்லை எழுத்து மாறாமல் திருப்பி அனுப்பிவைக்கும் இணையதளம் ஏதேனும் இருந்தால், அது கடவுச்சொற்களைத் திரும்ப எடுக்கும்படி சேமித்திருக்கிறது என்று பொருள். அங்கே கணக்கு வைத்திருப்பது ஆபத்து. ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனம் அப்படியே எழுதி வைத்திருந்ததால், 2009 டிசம்பரில் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் ஒரே திருட்டில் வெளியே போயின.

உப்பும் தாமதமும்

அரைவைத் திருடியவர் அதைப் பின்னோக்கி அவிழ்க்க முடியாது. ஆனால் அகராதிச் சொற்கள், ஊர்ப்பெயர்கள், ஆள்பெயர்கள், ஆண்டுகள் எல்லாவற்றையும் தானே அரைத்துப் பட்டியலிட்டு, திருடியதோடு ஒப்பிடலாம். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மாரிஸும் 1979-இல் எழுதிய கட்டுரையில், தாங்கள் சேகரித்த 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகக் குட்டையானவையாகவோ இப்படி எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியவையாகவோ இருந்தன என்று காட்டினார்கள்.

அவர்கள் கையாண்ட தடுப்பு இரண்டு. ஒவ்வொரு பயனருக்கும் ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, கடவுச்சொல்லோடு சேர்த்து அரைப்பது ஒன்று. அதற்கு ‘உப்பு’ என்று பெயர். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறாக இருப்பதால் அரைவும் வேறாகிவிடும். முன்கூட்டியே அரைத்துவைத்த பட்டியல் பயன்படாது. மற்றொன்று, அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்குவது. அன்று 25 சுற்று. இன்று பல லினக்ஸ் கணினிகளில் வழங்கும் ஒரு முறையில் வழக்கமான அளவு 5,000 சுற்று. நுழைபவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவருக்கு அது ஆண்டுகளாக நீளும். லிங்க்ட்இன் நிறுவனம் உப்பு இல்லாமல் அரைத்து வைத்திருந்தது. 2012-இல் அதன் 65 லட்சம் அரைவுகள் இணையத்தில் வெளியானதும், பெரும்பகுதியை மிக விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

‘பிச்சாவரம்2019’ போன்றதை உப்பும் அதிக நாள் காப்பாற்றாது. ஊர்ப்பெயருக்குப் பின் ஆண்டு என்பது ஊகிப்பவர் முதலில் போட்டுப் பார்க்கும் அமைப்பு. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்த நீண்ட தொடர் அதைவிட எவ்வளவோ மேல்.

மாற்றும் கட்டளை

உள்ளே நுழைந்த மாணவி கடவுச்சொல் மாற்றும் கட்டளையைத் தட்டுகிறார். முதலில் பழைய சொல்லைக் கேட்கிறது. நுழையும்போதே கொடுத்தாயிற்றே என்று தோன்றும். அவர் தேநீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் வேறொருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்கான காப்பு அது. பிறகு புதிய சொல்லை இரண்டு முறை கேட்கிறது. தட்டும்போது திரையில் எழுத்தும் தெரியாது, நட்சத்திரக் குறியும் தெரியாது. விசைப்பலகை வேலை செய்யவில்லையோ என்று புதியவர்கள் திகைப்பது உண்டு. கண்ணில் படாததால் ஒரு விசை தவறினாலும் தெரியாது. இரண்டு முறை கேட்பது அதற்காகத்தான்.

அரைவுகள் இருக்கும் கோப்பின் பெயர் நிழல் கோப்பு. சாதாரணப் பயனர் அதைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. தன் கடவுச்சொல்லை மட்டும் அவரால் மாற்ற முடிவது, யார் ஓட்டினாலும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும் தனிச்சலுகை கடவுச்சொல் மாற்றும் நிரலுக்கு இருப்பதால். இந்த ஏற்பாட்டைச் சிந்தித்தவர் டென்னிஸ் ரிச்சி. 1979-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

நிழல் கோப்பில் மாணவியின் வரியில் பெயர், அரைக்கும் முறை, உப்பு, அரைவு ஆகியவற்றை அடுத்து ஓர் எண் இருக்கும். கடவுச்சொல் கடைசியாக மாறிய நாள் அது. 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நாள் கழிந்தது என்ற கணக்கு. 20,000 என்று இருந்தால் 2024 அக்டோபர் 4. மறந்தவருக்கு நிர்வாகி தற்காலிகச் சொல் வைத்துக் கொடுக்கும்போது இந்த இடத்தில் 0 போடலாம். அடுத்த முறை நுழைந்ததும், வேறெதையும் செய்ய விடாமல், புதிய சொல்லை வைக்கும்படி கணினி கட்டாயப்படுத்தும். அப்படிச் செய்துகொடுப்பவரே நல்ல நிர்வாகி. பயனரின் சொல் அதன்பின் அவருக்கும் தெரியாது.

பாதியில் இணைப்பு போனால் என்னாகும்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்ததைக் கண்ட கடலூர் மாவட்டத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. புதிய சொல்லை இரண்டாம் முறை கொடுத்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தால் பழையதே நீடிக்கும். சிதம்பரத்துக் கணினியே நின்றுபோனாலும் கோப்பு பாதி எழுதிய நிலையில் சிக்காதபடி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. பழைய கோப்பைத் தொடாமல் பக்கத்தில் முழுப் புதிய கோப்பை எழுதி முடித்து, கடைசியில் ஒரே அசைவில் பெயரை மாற்றிவைக்கிறது.

தமிழில் கடவுச்சொல் வைத்தால்

புதிய சொல்லாக மாணவி ‘கொள்ளிடம்’ என்று தமிழிலேயே தட்டினால்? கணினி எழுத்தை அரைப்பதில்லை, எழுத்துக்குரிய எண்களை அரைக்கிறது. ‘கொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோட் இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது: இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவோ, தனித்தனியாக இரு குறிகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்கள் வேறு, அதனால் அரைவும் வேறு. வீட்டு மடிக்கணினி ஒரு விதமாகவும் ஆய்வுக்கூடத்து விசைப்பலகை மற்றொரு விதமாகவும் எழுதினால், சரியான சொல்லைக் கொடுத்தும் கதவு திறக்காது. அரைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர இணையத் தரநிலை ஒன்று வழி சொல்கிறது. எல்லா நிரல்களும் அதைப் பின்பற்றுவதில்லை. அது நடக்கும்வரை தமிழில் கடவுச்சொல் வைக்க விரும்புபவருக்கு ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் இல்லாத சொற்களே நல்லது.

ஒன்றல்ல, நூறு கணினி

ஒரு வளாகத்தில் நூறு கணினி இருந்தால் நூறிலும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எம்.ஐ.டி.யில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்திலிருந்து பிறந்த கெர்பரோஸ் போன்ற முறைகள், கடவுச்சொல் வேலையை மையக் கணினி ஒன்றிடம் ஒப்படைக்கின்றன. அங்கே ஒருமுறை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறியதாகும். விண்டோஸ் 2000 முதல் அலுவலகங்களில் பரவிய ஆக்டிவ் டைரக்டரியும் கெர்பரோஸையே கையாள்கிறது.

இதனால் வரும் குழப்பம் ஒன்று அலுவலக மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துச்செல்பவர்களுக்குப் பழக்கமானது. வலைவழியே அலுவலகக் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மடிக்கணினி பழைய சொல்லையே கேட்கும். மையத்தை எட்ட முடியாத நேரத்தில், கடைசியாக நுழைந்தபோது சேமித்த அரைவை வைத்து அது சரிபார்க்கிறது. அலுவலக வலையோடு இணைத்து ஒருமுறை புதிய சொல்லால் நுழைந்ததும் சரியாகிவிடும்.

மாற்றிய பிறகு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்ற வேண்டும் என்ற விதி இன்னும் பல அலுவலகங்களில் உள்ளது. அதனால் தீமையே அதிகம். மாற்றச் சொல்லி விரட்டினால், மக்கள் 2019-ஐ 2020 ஆக்குவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிடப் பரிந்துரைத்தது. கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்ற சந்தேகம் வந்தால் உடனே மாற்ற வேண்டும். மற்றபடி நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை அப்படியே வைத்திருக்கலாம்.

திருட்டு நடந்ததால் மாற்றுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நுழைவதற்கான கடவுச்சொல் வாசலில் மட்டுமே கேட்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பவரை, சொல்லை மாற்றியதால் மட்டும் சிதம்பரத்துக் கணினி வெளியேற்றாது. கடவுச்சொல் இல்லாமலே நுழைவதற்கான சாவிக் கோப்பு ஒன்றை அவர் மாணவியின் கணக்கில் சேர்த்து வைத்திருந்தால், அதுவும் தொடர்ந்து செல்லும். ஆகவே கடவுச்சொல்லை மாற்றிய கையோடு ‘ஹூ’ என்ற கட்டளையைத் தட்டி, தன் பெயரில் வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தெரியாத அமர்வை முடிக்க வேண்டும். சாவிப் பட்டியலைத் திறந்து, தான் வைக்காத வரிகளை அழிக்க வேண்டும். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருந்தால், அங்கேயும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.